மூடிய பெட்டியும் அளவை இயலும்

காணாத ஒன்றை உண்டு என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம்? சைவ சித்தாந்தம் படிக்க உட்காரும் எவரும் முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி இது. பதி என்கிற இறைவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. பசு என்கிற உயிரும் தெரிவதில்லை. ஆணவ மலத்தை யாரும் கையில் எடுத்துக் காட்டியதில்லை. இப்படி இருக்க, இவற்றைப் பற்றி ஒரு முழுச் சாத்திரம் எழுதுவது எப்படி? 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் செய்த அருணந்தி சிவாசாரியார் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவில்லை. அந்த நூலில் சைவக் கொள்கையை நிறுவும் பகுதியான சுபக்கத்தில் கடவுளைப் பற்றி வாய் திறக்கும் முன்பே, எதைக் கொண்டு எதை அறிகிறோம் என்று கணக்கெடுக்கிறார். அதுதான் அளவை இயல். காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு, ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என்று பத்து வழிகளை எண்ணி, முதல் மூன்றில் மற்றவை அடங்கும் என்கிறார்.

நான் மயிலாடுதுறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன். வகுப்புக்கு வரும் பெரும்பாலானவர்களுக்கு அளவை இயல் வறண்ட பாலை. எப்போது முதல் சூத்திரம் வரும், எப்போது சிவனைப் பற்றிப் பேசுவோம் என்று காத்திருப்பார்கள். எனக்கோ அந்த நூலில் மிக நெருங்கிய பகுதி அதுதான். காரணம் என் தொழில். கெட்டுப்போன பொருளின் முன்னால் உட்கார்ந்து, உள்ளே என்ன நடந்தது என்று வெளியே தெரிவதை வைத்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. எங்கள் வகுப்பை நடத்துகிற ஐயாவின் கம்ப்யூட்டர் கத்த ஆரம்பித்தபோது, இந்த இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வகுப்புக்கான குறிப்புகளை அவரே தட்டச்சு செய்து, அச்செடுத்துக் கொடுப்பார். "தம்பி, பொட்டி காலையில போட்டதும் கரகரன்னு கத்துது. பத்து நிமிஷத்துல தானா அடங்கிடுது. மார்கழி பொறந்ததுலேருந்து இப்படித்தான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு வேண்டிய பாதி இருந்தது. குளிர்ந்திருக்கும்போது சத்தம், சூடேறியதும் அமைதி. அனுபவமுள்ள எந்த சர்வீஸ்காரரும் உடனே, "எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் புஷ் போயிருக்கும் ஐயா" என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். நானும் அதன் ஃபேனைத்தான் நினைத்தேன். ஆனால் நினைப்பது வேறு, அறிவது வேறு. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காதால் கேட்பதும் காண்டல்தான். ஐந்து பொறிகளுக்கும் அந்தப் பெயர் பொது. ஆனால் காண்டலுக்குள்ளேயே ஐயமும் திரிபும் உண்டு என்று சித்தாந்தம் எச்சரிக்கிறது. தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று தடுமாறினால் ஐயம். கயிற்றைப் பாம்பென்றே முடிவு செய்தால் திரிபு. கம்ப்யூட்டர் சத்தத்தில் இந்த இரண்டுக்கும் தாராளமாக இடமுண்டு. ஐயாவின் கம்ப்யூட்டரில் இருந்த ஹார்ட்டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுவது. நொடிக்கு 120. எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 20. அதற்கு ஏழு இறக்கை. ஆக, காற்றை நொடிக்கு 140 தடவை வெட்டுகிறது. 120-க்கும் 140-க்கும் நடுவே அதிகத் தூரமில்லை. தகரப் பெட்டி இரண்டையும் வாங்கிச் சேர்ந்து அதிரும்போது எது எதனுடையது என்று பிரிப்பது எளிதான வேலையில்லை. அதோடு, சத்தம் பலமாகக் கேட்கிற இடம்தான் சத்தம் பிறக்கிற இடம் என்று சொல்லவும் முடியாது. எங்கோ உரசும் ஒன்று, தளர்ந்த பக்கத் தகட்டில் வந்து முழங்கும். நாளிதழைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பெட்டியின் மேல் ஒவ்வோர் இடமாகவும் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் மேல்மூலையில், எஸ்.எம்.பி.எஸ். இருக்கிற இடத்தில், சத்தம் கூடியது. ஐயம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் போகவில்லை.

ஆகவே ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் வேலை. பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிற சத்தம் என்பதால் ஒரு காலைக்கு ஒரு சோதனைதான் சாத்தியம். கடை திறக்கும் முன் அவர் வீட்டுக்குப் போவேன். ஐயா பூசை முடித்து, திருநீற்றோடு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கேபினட் ஃபேனின் வயரைப் பிடுங்கிவிட்டுப் போட்டோம். சத்தம் இருந்தது. இன்னொரு நாள் ஹார்ட்டிஸ்க்கின் மின்இணைப்பைக் கழற்றினோம். திரையில் பிழைச்செய்தி வந்தது, சத்தமும் இருந்தது. பிராசசர் ஃபேனின் நடுக்குமிழில் விரல் நுனியை மெல்ல வைத்து ஓரிரு நொடி நிறுத்தினேன். அப்போதும் இருந்தது. ஒன்று இல்லாதபோதும் சத்தம் இருக்கிறது என்றால், அந்த ஒன்று சத்தத்துக்குக் காரணமில்லை. தருக்க நூல்களில் வெதிரேகம் என்று வருகிற எதிர்மறைச் சோதனையோடு உறவுள்ள வழி இது. நெருப்பில்லாத பொய்கையில் புகையும் இல்லை என்று காட்டுவார்களே, அதன் வழியில் வந்தது.

இதற்கு நடுவே ஒரு சம்பவம். ஐயாவின் பேத்தி, பத்து வயதுப் பெண், பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் வந்து நின்று, "இன்னொரு சத்தமும் கேக்குது தாத்தா, மெல்லிசா, ஊய்ங்னு" என்றாள். எனக்கு அது மிக லேசாகத்தான் கேட்டது. ஐயாவுக்குக் கேட்கவே இல்லை. வயது ஏற ஏற மேல்சுருதி ஓசைகளைக் காது முதலில் இழக்கும். அவர் என்னைப் பார்த்து, வகுப்பில் கேட்கிற அதே தொனியில் கேட்டார்: "எனக்குக் கேக்கலையே தம்பி. அப்ப அந்தச் சத்தம் இல்லைன்னு வச்சுக்கலாமா?"

அபாவம் என்கிற அளவையின் உயிர்நிலை அந்தக் கேள்வியில் இருந்தது. தரையில் குடம் இல்லை என்று பார்த்துச் சொல்கிறோம். அந்த அறிவு செல்லும். ஏனென்றால் குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இருட்டறையில் நின்றுகொண்டு அதே வார்த்தையைச் சொன்னால் செல்லாது. இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்கிற தகுதி பார்ப்பவனுக்கும் இடத்துக்கும் இருக்க வேண்டும். மீமாம்சகரும் நையாயிகரும் இந்த நிபந்தனையைப் பற்றி நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டிருக்கிறார்கள். ஐயாவின் காதுக்கு அந்தச் சுருதியில் தகுதி இல்லை. அவருக்குக் கேட்கவில்லை என்பது அவர் காதைப் பற்றிய செய்தி. பெட்டியைப் பற்றிய செய்தி ஆகாது.

தேடினேன், கிடைக்கவில்லை, ஆகவே கடவுள் இல்லை என்று சொல்பவரிடம் நான் மரியாதையோடு கேட்பது இதைத்தான்: எதைக் கொண்டு தேடினீர்கள்? ஆனால் பக்தர்கள் இங்கேயே நின்று வெற்றி கொண்டாடுவதும் சரியில்லை. கேட்காததால் இல்லை என்று ஆகாது என்பது ஒன்று. ஆகவே உண்டு என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிற பேச்சை நான் மேடைகளில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அந்தச் சிறுமி சொன்ன சத்தம் உண்டு என்று நான் ஒப்புக்கொண்டது ஐயாவின் காது பழுது என்பதற்காக அல்ல. அவளை மவுஸைப் பிடித்துப் பக்கத்தை மேலும் கீழும் ஓட்டச் சொன்னேன். ஓட்டும்போதெல்லாம் சுருதி மாறியது, விட்டதும் பழையபடி ஆனது. மின்னோட்டம் ஏறி இறங்கும்போது காயில்களின் கம்பிச்சுற்றுகள் நுண்மையாக அதிர்வதால் வரும் ஓசை அது. ஃபேனுக்கும் அதற்கும் தொடர்பில்லை, கெடுதலும் இல்லை. உண்டு என்பதற்குத் தனியாக ஓர் அடையாளம் வேண்டியிருந்தது, அது கிடைத்தது.

மற்றவையெல்லாம் விலகியதும் எஞ்சி நின்றது எஸ்.எம்.பி.எஸ். ஐயா மகிழ்ந்துபோனார். "ஒழிபு தம்பி! பாரிசேட அளவை! அருணந்தியார் ஏழாவதா வச்சிருக்கார் பாரு." எனக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை. ஒழிபின் பலம் முழுவதும் பட்டியலின் முழுமையில் இருக்கிறது. மூன்று பேரில் இருவர் எடுக்கவில்லை என்றால் மூன்றாமவர் எடுத்தார் என்பது, நான்காமவர் வீட்டுக்குள் வரவே இல்லை என்றால்தான் நிற்கும். நான் எழுதிய பட்டியலில் கேபினட் நிற்கிற மேசை இல்லை. பழைய பலகை மேசை, ஒரு கால் ஆட்டம். கேபினட்டைத் தூக்கி மடித்த போர்வைமேல் வைத்துப் போட்டுப் பார்த்தேன். முழக்கம் குறைந்தது, கரகரப்பு அப்படியே இருந்தது. எஸ்.எம்.பி.எஸ். என்று சொன்னாலும் அதற்குள் எது? புஷ் தேய்ந்திருக்கலாம். உள்ளே ஒரு வயர் சரிந்து இறக்கையில் தட்டலாம். வெளி வலைக்கம்பியின் திருகு தளர்ந்திருக்கலாம். நம் ஊரில் பல்லியோ கரப்பானோ உள்ளே போய்ச் செத்து, இறக்கையில் உரசுவதும் அபூர்வமில்லை.

சித்தியார் முதல் சூத்திரத்தில் உலகுக்குக் கர்த்தா யார் என்று வாதிடும்போது ஒழிபின் வாசனை பலமாக அடிக்கும். உலகு தானே தோன்றாது, அறிவற்ற மாயை தானாகத் தொழிற்படாது, வினை சடம், உயிரோ தனக்கென ஓர் உடம்பை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லாதது, எனவே அறிவுள்ள ஒருவன் வேண்டும் என்று போகும். இதில் ஒழிபை மட்டும் பிடித்துக்கொண்டு, எதிராளியை மடக்கிவிட்டதாக நினைக்கிறவர்கள் உண்டு. பட்டியல் முழுமை என்று யார் சொன்னது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. சித்தாந்தம் அங்கே நிற்பதில்லை என்பதுதான் எனக்கு அதன்மேல் உள்ள மதிப்பு. குடத்துக்குக் குயவன் என்று உடன்பாட்டு எடுத்துக்காட்டையும் கூடவே வைக்கிறது. அந்த எடுத்துக்காட்டு உலகம் முழுவதற்கும் பொருந்துமா என்று ஒருவர் மறுக்கலாம், விவாதிக்கலாம். விவாதிக்க ஏதோ ஒன்று மேசைமேல் வைக்கப்பட்டிருக்கிறது. அது முக்கியம்.

எனக்கும் ஓர் உடன்பாட்டுச் சோதனை வேண்டியிருந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை கேபினட்டிலிருந்து கழற்றி, மதர்போர்டு, டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் பிரித்து, போர்வை விரித்த தரையில் தனியாக வைத்தேன். இரவு முழுக்க அது அங்கேயே குளிர்ந்து கிடந்தது. மதர்போர்டுக்குப் போகிற பெரிய கனெக்டரில் பச்சை வயர் ஒன்றே ஒன்று இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை விழிக்கச் சொல்லும் வயர் அது. கருப்பு வயர்கள் பல. சுவர் இணைப்பு இல்லாத நிலையில், பச்சையின் துளையையும் ஒரு கருப்பின் துளையையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, சத்தமில்லாத வேறொரு சின்ன ஃபேனைச் சுமைக்காக மாட்டி, காலையில் சுவிட்சைப் போட்டேன். கேபினட் இல்லை, மேசை இல்லை, ஹார்ட்டிஸ்க் இல்லை. கரகரவென்று அதே குரல். பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன், குரல் கனம் மாறியது. பக்கவாட்டில் சாய்த்தேன், சற்றே தணிந்தது. அடுக்களையில் புகையும் நெருப்பும் ஒருங்கே இருப்பதைக் காட்டுவது போன்ற அன்னுவயம் இதுதான்: இது மட்டும் இருக்கிற இடத்திலும் அந்தச் சத்தம் இருக்கிறது.

சாய்த்தால் மாறுவது ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். மலிவான ஃபேன்களில் பால் பேரிங் இருக்காது. எஃகுத் தண்டு ஒரு வெண்கலப் புஷ்ஷுக்குள் சுற்றும். அந்தப் புஷ் நுண்ணிய துளைகள் நிறைந்த உலோகம். துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அந்த எண்ணெய்ப் படலம் நிற்கிற வரை உலோகம் உலோகத்தைத் தொடாது, சத்தமும் வராது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சூடான காற்றிலேயே வாழ்வதால் எண்ணெய் ஆண்டுக்கு ஆண்டு குறையும். மிச்சமிருப்பது தூசியோடு சேர்ந்து தடித்துப் பசையாகும். மார்கழிக் குளிரில் அந்தப் பசை இன்னும் தடிக்கும். ஓடி ஓடிச் சூடேறியதும் இளகிப் பரவும். காலையில் கத்தி, பிறகு அடங்குவதற்குக் காரணம் அதுதான். சாய்க்கும்போது தண்டு தேய்ந்த பக்கத்தை விட்டு வேறு பக்கம் சாய்கிறது, குரல் மாறுகிறது. இவ்வளவும் கருதல். பெட்டி இன்னும் மூடித்தான் இருக்கிறது.

"அப்ப திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுடலாமே, நாலு ஸ்குரூதானே?" என்றார் ஐயா. இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமான இடம் இதுதான். "நீங்க தொடக் கூடாது ஐயா. உள்ள பெரிய கெப்பாசிட்டர் இருக்கு. பிளக்கைப் பிடுங்கினாலும் அதுல கரண்ட் நிக்கும்" என்றேன்.

நம் வீட்டுக்கு வருகிற 230 வோல்ட், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் நேர்மின்னோட்டமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகும். புதிய வகைகளில் அதைவிடக் கூடுதலாக, 380 வோல்ட் அளவுக்கு ஏற்றி வைப்பார்கள். அதைச் சேமித்து வைப்பது கெப்பாசிட்டர். மின்சாரம் நின்றபின் அது மெல்ல வடிய ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ரெசிஸ்டர் பழுதானால் வடியாது. வடியாத கெப்பாசிட்டரில் கை பட்டால் உயிருக்கே ஆபத்து.

ஐயா விடவில்லை. "நீ அடி வாங்கியிருக்கியா? வாங்கினவங்களப் பார்த்திருக்கியா?" இல்லை. தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னார், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற எச்சரிக்கை சொல்கிறது. "அப்ப உனக்கு இது காண்டலும் இல்லை, நீயே ஊகிச்ச கருதலும் இல்லை. உரை." ஆம், உரைதான்.

பௌத்தம் இந்த இடத்தில் மறுப்பு சொல்லும். மணிமேகலையின் 29-ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்கிற அளவைகள் இரண்டே: காண்டலும் கருதலும். உரையை நம்புவது என்பது, சொல்பவர் நம்பத்தக்கவர் என்று ஊகிப்பதுதானே, அதைத் தனி அளவையாக ஏன் எண்ண வேண்டும் என்பது அந்தப் பக்கத்தின் வாதம். வலுவான வாதம்தான். ஆனால் என் அனுபவம் வேறு பக்கம் சாய்கிறது. கற்றுக்கொடுத்தவர் நம்பத்தக்கவர் என்பதை அவரோடு பழகி நான் ஊகித்தேன், சரி. அந்த ஊகத்தை எவ்வளவு பிழிந்தாலும் அதிலிருந்து 325 வோல்ட் என்பது வராது. அது அவர் சொல்லில்தான் வந்தது. ஆளைப் பற்றிய அறிவு ஒரு வழியில் வந்தது, பொருளைப் பற்றிய அறிவு இன்னொரு வழியில் வந்தது.

எந்தச் சொல்லை ஏற்பது? நியாய சூத்திரத்துக்குப் பாடியம் எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தன் யார் என்று வரையறுக்கிறார். பொருளை நேரே அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புகிறவன். அதோடு நிற்காமல், இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றே என்கிறார். அந்த வரியை முதன்முதலில் ஐயா வாயால் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறப்பு, பட்டம், உடை எதுவும் அங்கே இல்லை. பார்த்தாயா, பார்த்ததை அப்படியே சொல்கிறாயா, இவ்வளவுதான். சித்தாந்தம் ஆகமத்தை இறைவன் நூல் என்று ஏற்பதிலும் இதே நியாயம் உள்ளே ஓடுகிறது. அறியாமையும் வஞ்சனையும் மலத்தால் வருபவை. மலமே இல்லாதவன் சொல்லில் இரண்டும் இருக்க வழியில்லை.

வேதத்தை ஏன் நம்புவது என்பதற்கு நியாய சூத்திரம் தரும் காரணமும் ஒரு தொழிலாளியின் மனசுக்குப் பிடித்தது. மந்திரத்தையும் ஆயுர்வேதத்தையும் போல என்கிறது. மருந்து தின்றால் நோய் போகிறது, சோதித்துப் பார்த்துவிட்டோம். சோதிக்க முடிந்த இடத்தில் உண்மை சொன்னவர்கள், சோதிக்க முடியாத இடத்திலும் உண்மை சொல்வார்கள் என்று கொள்ளலாம். இது முழு நிரூபணம் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தில் சரியாக இருப்பவர் மறுமையில் தவறலாம். ஆனால் வாழ்க்கையில் நாம் எல்லோரும் நடந்துகொள்வது இப்படித்தான். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராம் கழற்றும் முறையையும் பேஸ்ட் தடவும் முறையையும் சொன்னார், செய்து பார்த்தேன், சரியாக இருந்தது. கெப்பாசிட்டரைப் பற்றிச் சொன்னதைக் கை வைத்துச் சோதிக்கப் போகவில்லை.

உரைக்கு மிக அருகில் நின்று உரையின் வேடம் போடுவது ஐதிகம். இந்த ஆலமரத்தில் ஒரு தெய்வம் இருக்கிறது என்று ஊர் சொல்லும். யார் பார்த்தார்கள் என்று கேட்டால் பெயர் கிடைக்காது. எங்கள் தொழிலிலும் ஐதிகம் ஏராளம். ஃபேன் சத்தம் போட்டால் தேங்காயெண்ணெய் விடு என்பார்கள். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும். எந்தக் காலைக் குளிரில் ஃபேன் கத்துகிறதோ அந்தக் குளிரில்தான் அதுவும் உறைந்து நிற்கும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடி என்பார்கள். அதில் பெரும்பகுதி கரைப்பான். மிச்சமிருக்கிற நல்ல எண்ணெயையும் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும். சில நாள் அமைதி, பிறகு முன்னைவிட மோசம். சொன்னவர் யார் என்று தேடிப்போனால் எல்லோரும் இன்னொருவரைக் காட்டுவார்கள்.

நம் சமயத்தில் இன்று கைபேசியில் சுற்றுகிற செய்திகளில் பெரும்பகுதி இந்த வகை. இந்த நாளில் இந்தத் திசையில் விளக்கேற்றினால் இது கிடைக்கும், ஏற்றாவிட்டால் இது நேரும். எந்த ஆகமம், எந்தப் படலம் என்று இருக்காது. ஐதிகத்தை உரை என்று சொல்லிப் பரப்புவது உரைக்குச் செய்கிற துரோகம். அதைப் பார்த்து வெறுத்த பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே தூக்கி எறிகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. சோதித்தால் ஆபத்து, ஆகவே சோதிக்காதே என்று நான் ஐயாவிடம் சொன்னேன். போலிக் குருமார் சொல்வதும் அட்சரம் பிசகாமல் இதே வார்த்தைதான். கேள்வி கேட்டால் சாபம், சந்தேகப்பட்டால் நரகம். எனக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு? நெடுநாள் யோசித்து நான் வந்தடைந்த பதில் இது. பெட்டியின்மேல் உள்ள எச்சரிக்கை காரணத்தோடு வருகிறது. காரணத்தை யாரும் கேட்கலாம், யாருக்கும் சொல்லப்படும். தகுதியாக்கிக்கொண்டு வா, அளக்கும் கருவியோடு வா, திறந்து பார் என்று வழி விட்டிருக்கிறது. இன்று ஐயாவுக்கு மூடியிருக்கிற பெட்டி, தொழில் கற்ற எவருக்கும் மூடியிருக்கவில்லை. மெய்யான உரைக்கு இந்த வழி எப்போதும் உண்டு. சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிகளைச் சொல்வது, கேட்டதை நீயே அனுபவித்து அறிவாய் என்பதற்காக. யாருக்கும் எக்காலத்திலும் வழியே இல்லை, நான் சொல்வதே முடிவு என்று ஒருவர் சொன்னால் அது உரை ஆகாது.

பெட்டியை நான் கடைக்கு எடுத்துப்போய்த் திறந்தேன். ஐயாவும் கூடவே வந்தார். பிளக் இல்லாமல் நெடுநேரம் கிடந்த பெட்டி. ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரின் முனைகளைப் பெரிய கெப்பாசிட்டரின் கால்களில் வைத்தேன். மீட்டர் காட்டியது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஐயா நிமிர்ந்தார். "ஒண்ணுமே இல்லையே தம்பி! அப்ப நீ சொன்னது பொய்யாப் போச்சே?" பொய்யாகவில்லை. உரை சொன்னது, இருக்கலாம் என்பதை. இந்தப் பெட்டியில் ரெசிஸ்டர் நன்றாக இருந்து வடித்துவிட்டது. அடுத்த பெட்டியில் என்ன என்பது அளந்த பிறகே தெரியும். ஒரு பெட்டியில் இல்லாததை வைத்து எல்லாப் பெட்டிக்கும் சட்டம் போட்டால் அது கருதலில் பிழை. ஐயா சிறிது யோசித்துத் தலையசைத்தார். நான் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஃபேனின் நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தேன். கீழே ரப்பர் மூடி. அதை நீக்கியதும் தண்டின் நுனியைச் சுற்றி வறண்டு காய்ந்த பழுப்புப் படிவம். இறக்கையைப் பிடித்து மெல்ல அசைத்தால் தண்டு புஷ்ஷுக்குள் ஆடியது. கருதியது கண்ணுக்கு வந்தது. தையல் மிஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டிருந்தால் சில மாதம் ஓடியிருக்கும். ஆனால் புஷ் இவ்வளவு தேய்ந்த பிறகு எண்ணெய் நிற்காது. ஃபேன் மெதுவானால் உள்ளே சூடு ஏறும். பத்து டிகிரி கூடினால் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். அதே 120 மில்லிமீட்டர் அளவு, அதே 12 வோல்ட், அதே மின்னோட்ட அளவு, பால் பேரிங் கொண்ட வேறு ஃபேனை, காற்று போகும் திசை பார்த்து மாட்டினேன். ஐயாவின் கம்ப்யூட்டர் இப்போது மார்கழிக் காலையிலும் அமைதியாக ஓடுகிறது. பேத்திக்குக் கேட்ட அந்த மெல்லிய ஓசை மட்டும் இன்னும் இருக்கிறது என்கிறாள். இருக்கும்.

சித்தாந்த வகுப்பு நடத்துகிற பெரியவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். அளவை இயலைக் கடினம் என்று தாண்டிப்போகாதீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அந்தப் பகுதிக்கும் பொறுமையாக உரை எழுதி வைத்திருக்கிறார். குடமும் புகையும் மட்டும் போதாது. வகுப்புக்கு வருகிற பிள்ளைகளிடம், வீட்டில் பழுதான ஒரு பொருளைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். எது பழுது என்று உனக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார், அவர் பார்த்தாரா என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்கு வாய் பழகிய பிறகு, பதியைப் பற்றிய முதல் சூத்திரத்தைத் தொடங்குங்கள். அப்போது அந்தப் பிள்ளைகள் உங்களிடமும் அதே கேள்விகளைக் கேட்பார்கள். தயவுசெய்து கேட்க விடுங்கள்.